சாரிட்டி கடைகளில் வாங்குவது இன்னும் லாபமா?

கேள்வி: பிரிட்டனில், நன்கொடையாக வரும் பழைய பொருட்களைத் தொண்டு நிறுவனங்கள் விற்கும் சாரிட்டி கடைகளில் விலை ஏறிவிட்டது என்கிறார்களே, அங்கே வாங்குவது இப்போதும் லாபமா?

துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு லாபம்தான். பழைய துணி என்றாலே மலிவு என்று நம்பிப் போகிறவர் ஏமாந்துவிடுவார். பல ஆண்டுகளாக என் உடுப்பில் பாதியை இந்தக் கடைகளில்தான் வாங்குகிறேன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சென்ற குளிர்காலத்தில் ஒரு கடையில் பையனுக்கு டி-சர்ட் எடுத்தேன். 5 பவுண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்க, நகத்தால் உரித்தேன். அடியில், அது புதிதாக விற்பனைக்கு வந்தபோது அச்சிட்ட விலை: 4 பவுண்டு! கல்லாவில் இருந்த மூதாட்டியிடம் காட்டினேன். சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் தன்னார்வலர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், சிரித்தார், 2 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்.

சரக்கு இலவசமாக வருகிறது. நன்கொடைப் பொருளின் விற்பனைக்கு வாட் வரி சுழியம். இங்கிலாந்தில் கடைக் கட்டடத்துக்குக் கட்டும் வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. வரி கட்டுகிற ஒருவர் கிஃப்ட் எய்ட் என்ற நன்கொடை வரிச்சலுகைப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பொருளைக் கொடுத்தால், அது விற்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ். பிறகு ஏன் இந்த விலை என்று நானும் பொருமியதுண்டு. ஆனால் வாடகை, மின்கட்டணம், மேலாளர் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. விற்காத மூட்டைகளை அப்புறப்படுத்தவும் ஆள் வேண்டும். தவிர, 1948-இல் ஆக்ஸ்போர்டு பிராட் தெருவில் ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் கடை திறந்தபோதே நோக்கம் நிதி திரட்டுவதுதான். நமக்கு மலிவாகக் கொடுப்பதாக அவர்கள் வாக்குக் கொடுத்ததே இல்லை.

இன்னொன்று, நல்ல சரக்கு வருவதே குறைந்துவிட்டது. முன்பு பையில் போட்டுக் கடை வாசலில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இப்போது விண்டெட் செயலியில் படம் எடுத்துப் போட்டுத் தாங்களே விற்றுக்கொள்கிறார்கள்.

அப்படியும் நான் விடாமல் போவதற்குக் காரணம் உண்டு. விலை போடுபவர் பெரும்பாலும் கழுத்துப்பட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துப் போடுகிறார். துணியின் தரம் அவர் கணக்கில் வருவதில்லை. பேர்பெற்ற பிராண்டின் பாலியஸ்டர் சட்டை 15 பவுண்டுக்குத் தொங்கும். பக்கத்திலேயே, யாரும் கேள்விப்படாத தையல்காரர் பெயரோடு சுத்தமான கம்பளிக் கோட்டு 12 பவுண்டுக்குத் தொங்கும். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. கையில் எடுத்தபோதே கனத்தது. பொத்தான்கள் கொம்பில் செய்தவை. தையல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தார்கள், பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இடது கைக்குள் உள்துணி மட்டும் கிழிந்திருந்தது. ஒரு மாலை உட்கார்ந்து நானே தைத்தேன். ஏழாவது குளிர்காலமாகப் போடுகிறேன். “யார் போட்டதோ, எந்த வீட்டுத் துணியோ” என்று தொலைபேசியில் முகம் சுளித்தவர் என் அம்மா. பழைய புடவைகளைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கியவர்தான் அவர். அந்தப் புடவைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று அவரும் கேட்டதில்லை.

கம்பளி வாங்கினால் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். அக்குளை முகர்ந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். பீங்கான் தட்டு, புத்தகம், குழந்தைகளின் புதிர்ப் பெட்டி எல்லாம் இன்னும் கொள்ளை மலிவு (புதிரில் ஒரு துண்டு குறைந்தால் நான் பொறுப்பல்ல). மலிவுச் சங்கிலிக் கடைகளின் துணியை மட்டும் அங்கே தொடாதீர்கள். இரண்டு சலவைக்குப் பிறகு தரை துடைக்கத்தான் ஆகும்.

சோபா வாங்குவதானால் அடியில் தீப்பாதுகாப்புச் சீட்டு தைத்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அது இல்லாத சோபாவைக் கடைக்காரர்கள் நன்கொடையாகவே வாங்கமாட்டார்கள். என் பழைய சோபாவைக் கொடுக்கப் போய் நான் திரும்பி வந்தது அதனால்தான்.