புதுக் காருக்கு பாலிஷ், கோட்டிங் போடும் முன் பெயிண்டை எப்படித் தயார் செய்வது?

சிங்கப்பூரில் உங்கள் கைக்குக் கார் வந்து பத்து நாள், வெள்ளை நிறம், செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்) போடப் போகிறீர்கள். "புதுக் கார்தானே, கழுவிவிட்டு நேராகப் போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் நினைத்தேன். என்னுடையதும் வெள்ளைக் கார். விற்ற கடையிலேயே கோட்டிங்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இலவசம் என்றதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. நாலைந்து மாதத்தில் பின்கதவிலும் பம்பருக்கு மேலேயும் ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள். துருப்பிடித்துவிட்டது என்று பதறிப்போய், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்த ஜொகூர் தம்பி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது உள்ள இருந்து வந்த துரு இல்ல. வெளிய இருந்து வந்து ஒட்டினது. அதுக்கு மேலயே கோட்டிங்க அடிச்சிட்டாங்க." கோட்டிங்கை பாலிஷ் போட்டு எடுத்து, புள்ளிகளை நீக்கி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இலவசமாக வந்ததற்குக் கடைசியில் நல்ல விலை கொடுத்தேன்.

கார் நமக்குத்தான் புதுசு. ஜப்பானிலோ ஜெர்மனியிலோ தொழிற்சாலையை விட்டு வந்தபின் திறந்தவெளியில் நின்று, கப்பலில் வந்து, பாசிர் பாஞ்சாங் மாதிரி ஒரு துறைமுகத்தில் இறங்கி, இன்னொரு கிடங்கில் காத்திருந்து, அப்புறம்தான் நம் கைக்கு வருகிறது. வழியெல்லாம் இரும்புத்தூள். ரயில் சக்கரம், பிரேக், பற்றவைப்பு வேலை என்று எங்கிருந்தும் பறந்து வரும். சூடாக வந்து பெயிண்டில் விழுந்தால் அப்படியே பதிந்துவிடும். நீங்கள் ஈசூன், அட்மிரல்ட்டி பக்கம் ரயில் தலைக்குமேல் ஓடுகிற இடத்தில் காரை நிறுத்துபவர் என்றால் இந்தப் பத்து நாளிலேயே கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

முதலில் கையால் பாருங்கள். காரைக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட், கூரை, பின்கதவு என்று மெதுவாகத் தடவுங்கள். (பேரங்காடியில் பைக்கு ஐந்து காசு வாங்க ஆரம்பித்தபின் என் வீட்டில் பைக்குப் பஞ்சம். ரொட்டி வந்த பை போதும்.) வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளிருந்து மணல்தாள் மாதிரி சொரசொரக்கும். எங்கே சொரசொரக்கிறதோ அங்கேதான் வேலை. மற்ற இடத்தில் கை வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைச் சீவி எடுக்கும். சிஓஇ-யின் (கார் வைத்துக்கொள்ள வாங்கும் உரிமைச் சான்றிதழ்) பத்து வருடமும் அந்தத் தோல்தான் வெயிலைத் தாங்கவேண்டும்.

கழுவ மெழுகு கலக்காத ஷாம்பூ வேண்டும். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். சக்கரத்துக்கு மேலே, கதவின் அடிப்பகுதியில் கறுப்புத் தார்ப்புள்ளி இருந்தால் தார் நீக்கியைத் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

அடுத்தது அயன் ரிமூவர், அதாவது இரும்புத்தூளைக் கரைத்து எடுக்கும் திரவம். இதைத்தான் என் காருக்குச் செய்யாமல் விட்டிருந்தார்கள். தெளித்த சில நிமிடங்களில் இரும்புத்தூள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். வெள்ளைக் காரில் பார்க்க பயமாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள், அது பெயிண்ட் கரைவது இல்லை. கெட்ட முட்டை வாடை வரும். முடியைச் சுருட்டச் சலூனில் தடவும் மருந்தின் வகைதான் இதிலும் இருக்கிறது. சூடான தகட்டில் தெளிக்கக்கூடாது, காயவும் விடக்கூடாது. நம் ஊர் வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது. அதனால் காலை எட்டு மணிக்கு முன்னாலோ, கூரைக்குக் கீழோ செய்யுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கால்வாய் ஓரமாக இதைச் செய்யவேண்டாம். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, மழைக்கால்வாயில் போவது நீர்த்தேக்கத்துக்குப் போகும். நான் பெட்ரோல் நிலையத்தில் நாமே கழுவிக்கொள்ளும் இடத்துக்குத்தான் போகிறேன்.

இப்போது மறுபடி பையை மாட்டித் தடவுங்கள். பெரும்பாலும் பாதிச் சொரசொரப்பு போயிருக்கும். மிச்சத்துக்குத்தான் கிளே பார், ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுக்கும் பிசைகட்டி. பெயரில் களிமண் இருந்தாலும் பிசைந்தால் பரோட்டா மாவு மாதிரி இருக்கும். மிகவும் மெல்லிய ரகமாக வாங்கி, சிறு துண்டாகக் கிள்ளித் தட்டையாக்கி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அரைக் கதவு அளவு இடத்தில் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அழுத்தவே கூடாது. முதலில் கரகரவென்று பிடிக்கும், பிறகு வழுக்கும். வழுக்கினால் முடிந்தது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்து மறுபடி பிசையுங்கள். கீழே விழுந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் ஒருமுறை தரையில் விழுந்ததைத் தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி தேய்த்தேன். மனைவியின் கறுப்புக் காரின் பானெட்டில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது.

பாலிஷ் தேவையா என்பதை இதற்குப் பிறகுதான் முடிவு செய்யமுடியும். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி வட்டக் கோடுகள் தெரிந்தால், கொடுக்கும்முன் கடையில் அழுக்குத் துணியால் துடைத்திருக்கிறார்கள். மென்மையான ஸ்பாஞ்சில் ஃபினிஷிங் பாலிஷ் ஒருமுறை போதும். கரடுமுரடான காம்பவுண்ட் (ஆழமாகத் தேய்க்கும் பாலிஷ்) போடச் சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். வெள்ளைக் காரில் கோடு ஒன்றும் தெரியவில்லை என்றால் நான் பாலிஷே போடமாட்டேன்.

"புதுப் பெயிண்ட் ஆறட்டும், மூன்று மாதம் பொறுங்கள்" என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த காருக்குப் பொருந்தும். தொழிற்சாலையில் 140 டிகிரி அளவுக்குச் சூளையில் வைத்து எடுத்துவிடுகிறார்கள், அதற்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. ஆனால் கப்பலிலோ கிடங்கிலோ இடிபட்டு ஒரு கதவை மட்டும் மறுபடி அடித்திருந்தால் விஷயம் வேறு. அதைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் பெயிண்டின் தடிமன் அளக்கும் கருவி வைத்திருப்பார்கள், பாலிஷுக்கு முன் அளந்துகாட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆல்கஹால் கலந்த பேனல் வைப் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுங்கள். பாலிஷின் எண்ணெய் மிச்சம் இருந்தால் கோட்டிங் பிடிக்காது. துடைத்த பிறகு விரல் படக்கூடாது, முழங்கையை ஊன்றுவதும் கூடாது.

கோட்டிங் போட்ட அன்றிரவு கார் நனையக்கூடாது என்பார்கள். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நடுத்தளம் ஒன்றில் ஒதுக்குப்புறமாக ஓர் இடத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தளத்தில் எப்போதும் இடம் காலியாக இருக்கும், ஆனால் அங்கே மழையும் உண்டு, மைனாவும் உண்டு.