டாக்டர் ஹூ: பழி நடிகருக்கா, எழுத்துக்கா?

பிரிட்டனின் பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டாக்டர் ஒரு வேற்றுக்கிரகவாசி. வெளியே பழைய போலீஸ் பெட்டி மாதிரியும் உள்ளே அரண்மனை அளவுக்கும் இருக்கும் டார்டிஸ் என்ற வண்டியில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போய்வருவார். சாகும் நிலை வந்தால் உடம்பு முழுக்க மாறி வேறு ஆளாக எழுந்துவிடுவார், அதனால் நடிகர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள், யார் உசத்தி என்ற சண்டையும் அறுபது வருடமாக நடந்துகொண்டே இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்துதான். அண்ணன் டேவிட் டென்னன்ட் என்கிறான், நான் மேட் ஸ்மித் என்கிறேன். நீங்களே சொல்லுங்கள், யார் சிறந்த டாக்டர்? – கல்லூரி மாணவி, திருச்சி

பீட்டர் கபால்டி. உங்கள் இருவருக்கும் ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் 2015இல் வந்த 'ஹெவன் சென்ட்' எபிசோடைப் பார்த்த பிறகு என்னால் வேறு பெயர் சொல்ல முடியவில்லை. கடலுக்கு நடுவே ஒரு கோட்டை, விடாமல் பின்னாலேயே மெதுவாக நடந்து வரும் ஒரு முக்காடு போட்ட உருவம், வெளியே போகும் வழியை மறிக்கும், வைரத்தைவிடக் கடினமான ஒரு சுவர். அந்தச் சுவரை வெறும் கையால் குத்துகிறார், சாகிறார், மறுபடி முதலிலிருந்து வருகிறார், மறுபடி குத்துகிறார். இப்படியே 450 கோடி வருடம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை ஒரே ஆள் தாங்குகிறார், நமக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அதை எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். அதற்கு முந்தைய வருடம், 2014இல், இதே கபால்டிக்கு சதா எரிந்து விழுகிற, யாரையும் மதிக்காத ஒரு டாக்டரை எழுதிக் கொடுத்தார்கள். அப்போது எனக்கே அவர் ஒட்டவில்லை. கபால்டி மாறவில்லை, கையில் கொடுத்த தாள் மாறியது. உங்கள் அண்ணனிடம் 'மிட்நைட்' பார்த்தானா என்று கேளுங்கள். 2008இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதியது. ஒரு வண்டிக்குள் அடைபட்ட பயணிகள், டாக்டரின் பேச்சையே பறித்துக்கொள்ளும் ஏதோ ஒன்று. வாயாடியான டென்னன்டின் வாயை அடைத்துப்போட்டதால்தான் அவர் எவ்வளவு பெரிய நடிகர் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் பெரிய டாக்டர் ஹூ பைத்தியம். "பெண்ணை டாக்டராகப் போட்டார்கள், அன்றோடு தொடர் முடிந்தது" என்கிறார். எனக்கு ஜோடி விட்டேக்கரைப் பிடிக்கும், ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. – வாசகர், ஹாரோ

பதில் இருக்கிறது, அண்ணா, அதுவும் எபிசோட் பெயரோடு.

முதலில் அவர் சொல்வதில் எது சரியோ அதை ஒத்துக்கொள்வோம். 2018 முதல் 2022 வரை கிறிஸ் சிப்னால் தலைமை எழுத்தாளராகப் பொறுப்பில் இருந்தபோது வந்த பகுதியில் நிறைய எபிசோடுகள் சப்பென்று இருந்தன. முன்பு சீசனுக்கு 12, 13 எபிசோடுகள் இருந்தது 10 ஆகக் குறைந்தது. குறைந்த இடத்துக்குள், டாக்டரோடு பயணம் செய்யும் ஒரு துணைக்குப் பதிலாக கிரஹாம், ரையன், யாஸ் என்று மூன்று பேர். ஐம்பது நிமிடக் கதையில் மூன்று பேருக்கும் ஆளுக்கு ரெண்டு வரி கொடுத்து, என்ன நடக்கிறது என்பதை டாக்டர் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. விட்டேக்கர் நடிப்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இப்போது 2020 மார்ச்சில் வந்த சீசன் கடைசி எபிசோட், 'தி டைம்லெஸ் சில்ட்ரன்'. டாக்டரின் பிறப்பு ரகசியமே வெளியே வரும் கதை, எந்த நடிகருக்கும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்காது. அதில் அவர் என்ன செய்கிறார்? பாதிக் கதை அசைய முடியாமல் நிற்கிறார், வில்லன் மாஸ்டர் பக்கத்தில் நடந்துகொண்டே அவருடைய கதையை அவருக்கே சொல்கிறான். கடைசியில் உயிரைக் கொடுத்து எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய இடம் வருகிறது, அவர் தயங்குகிறார், அப்போது நமக்குச் சரியாக அறிமுகம்கூட ஆகாத ஒரு பெரியவர் வந்து அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்கிறார். நாயகியின் முடிவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நாயகி சரியில்லை என்றால் எப்படி? அந்தக் காட்சியை நான்காவது டாக்டர் டாம் பேக்கருக்கு எழுதியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்த 'தி ஹான்டிங் ஆஃப் வில்லா டியோடாட்டி'யை நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள். மாக்சின் ஆல்டர்டன் எழுதியது. கவிஞர் ஷெல்லி ஒருவர் செத்தால் எதிர்காலத்தில் கோடிக்கணக்கானவர்கள் பிழைப்பார்கள், விட்டுவிடலாமே என்று கூட இருப்பவர்கள் கேட்கும்போது, இதுவரை எல்லோரும் சமம் என்று சிரித்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பி, முடிவு எடுக்கும் உயரத்தில் நான் மட்டும்தான் நிற்கிறேன் என்று வெடிக்கிறார். அதே நடிகை, அதே கோட்டு. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 2018 நவம்பர் 11 அன்று வந்தது, வினய் படேல் எழுதியது. 1947 ஆகஸ்டில் யாஸின் பாட்டி, முஸ்லிம் பெண், ஒரு இந்து விவசாயியைக் கட்டிக்கொள்கிறார், கல்யாணத்தை நடத்தி வைப்பவர் டாக்டர். பிசாசுகள் என்று நாம் நினைத்த வேற்றுக்கிரகவாசிகள், யாரும் பக்கத்தில் இல்லாமல் சாகிறவர்களுக்குத் துணையாக நிற்க வந்தவர்கள். கொலை செய்ய வருவது மாப்பிள்ளையின் சொந்தத் தம்பி சேர்ந்த கும்பல். டாக்டரால் தடுக்க முடியாது, தடுத்தால் யாஸே பிறக்க மாட்டாள். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் பக்கம் திரும்பாமல் விட்டேக்கர் நடந்து போகிறாரே, அதற்கு வசனமே தேவைப்படவில்லை. பெண் என்பதால் தொடர் கெட்டது என்றால் இந்த எபிசோட் எப்படி வந்தது?

கேள்வி: சும்மா எழுத்தாளர் மேல் பழி போடாதீர்கள் சார். நல்ல நடிகன் மோசமான வசனத்தையும் தூக்கி நிறுத்துவான். – வாசகர், ஈரோடு

நிறுத்துவார், தம்பி, ஒரு காட்சிக்கு. ஒரு சீசன் முழுக்க முடியாது.

1984 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது டாக்டர் பீட்டர் டேவிசனின் கடைசிக் கதை 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி', ராபர்ட் ஹோம்ஸ் எழுதியது. அது முடிந்த அடுத்த வாரமே ஆறாவது டாக்டர் கொலின் பேக்கரின் முதல் கதை 'தி ட்வின் டைலமா'. 2009இல் 'டாக்டர் ஹூ மேகசின்' அதுவரை வந்த 200 கதைகளுக்கும் வாசகர்களிடம் ஓட்டு கேட்டது. முதலிடம் ஆண்ட்ரோசானிக்கு, 200ஆவது இடம் ட்வின் டைலமாவுக்கு. அடுத்தடுத்து வந்த இரண்டு கதைகள்!

கொலின் பேக்கர் அவ்வளவு மோசமான நடிகரா? முதல் கதையிலேயே டாக்டர் தன் துணையாக வரும் பெண்ணின் கழுத்தை நெரிப்பது போல எழுதினார்கள். கறுப்பு உடை வேண்டும் என்று அவர் கேட்க, கண்ணைப் பறிக்கும் பல வண்ணக் கோட்டை மாட்டிவிட்டார்கள். 1985இல் தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள், 1986இல் ஒரே வழக்கை 14 எபிசோடுக்கு இழுத்தார்கள், நடுவில் ராபர்ட் ஹோம்ஸ் இறந்துவிட்டார், ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சாவர்ட் சண்டை போட்டுக்கொண்டு விலகினார். இவ்வளவும் நடந்த பிறகு வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் யார் என்றால் நடிகர் மட்டும்தான். அடுத்தவராக மாறும் காட்சிக்குக்கூட அவர் வரவில்லை, புதிதாக வந்த சில்வெஸ்டர் மெக்காய் தலையில் விக் வைத்துப் படுக்கவைத்து எடுத்தார்கள்.

அப்புறம் 1999இல் பிக் ஃபினிஷ் நிறுவனம் ஒலி நாடகங்களாக டாக்டர் ஹூ கதைகளை வெளியிடத் தொடங்கியது. கோட்டு இல்லை, குரல் மட்டும், புது எழுத்தாளர்கள். அந்த கொலின் பேக்கரைக் கேட்டவர்கள் இவரா அவர் என்று வாயைப் பிளந்தார்கள். கர்வம் இருக்கிறது, அதற்குள் ஈரமும் இருக்கிறது. அதில் ராப் ஷியர்மேன் எழுதிய 'ஜூபிலி' நாடகம்தான் 2005இல் தொலைக்காட்சிக்கு 'டாலெக்' என்ற எபிசோடாக மாறியது. டாலெக் என்பது டாக்டரின் பரம எதிரி இனம், இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் வேற்றுக்கிரகப் பிராணி.

மெக்காயும் இதற்கு சாட்சிதான். 1987இல் கரண்டிகளைத் தட்டி வாசிக்கும் கோமாளியாக வந்தார், ஆளே தேறமாட்டார் என்றார்கள். மறு வருடம் ஆண்ட்ரூ கார்ட்மெல் ஸ்கிரிப்ட் எடிட்டராக நிலைத்து உட்கார்ந்து பென் ஆரோனோவிச் போன்ற இளைஞர்களை அழைத்து எழுதவைத்தார். 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையில் நடு ராத்திரி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, சர்க்கரை போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று கடைக்காரரோடு பேசுவார். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துக்காரர் அந்தக் கடைக்காரர். அந்தப் பேச்சு கரும்புத் தோட்டத்து அடிமைகள் வரை போகும். டாலெக்கும் இல்லை, வெடியும் இல்லை, கதையின் உயிரே அந்தக் காட்சிதான்.

உங்கள் பக்கமும் ஒரு பெரிய ஆதாரம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பேட்ரிக் ட்ரௌட்டன். 1966இல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி விலகியபோது, டாக்டர் வேறு ஆளாக மாறுவதை இந்தத் தொடரில் யாரும் பார்த்ததில்லை. ஹார்ட்னெல்லைக் காப்பி அடிக்காமல் முழுக்க வேறு ஆளாக, கசங்கிய கோட்டும் புல்லாங்குழலுமாக ட்ரௌட்டன் வந்து நின்றாரே, அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் தொடர் அந்த வருடமே முடிந்திருக்கும். அதிலும் முதல் கதையில், இவர் உண்மையான டாக்டர்தானா என்று கூட இருப்பவர்களே சந்தேகப்படும்படி எழுதி, ஒரு டாலெக் மட்டும் அவரை அடையாளம் கண்டுகொள்வதாக வைத்தார்கள். அந்தக் கதையின் ஆறு எபிசோடுகளையும் பிபிசி பாதுகாக்காமல் விட்டுவிட்டது. முழுதாக மிச்சம் இருப்பது ஒலி மட்டும்தான். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கேள்வி: ரஸ்ஸல் டி. டேவிஸா, ஸ்டீவன் மோஃபட்டா? – வாசகி, மட்டக்களப்பு

டேவிஸ் மனிதர்களை எழுதுவார், மோஃபட் கதையின் முடிச்சுகளை எழுதுவார். டேவிஸ் கதையில் துணைப்பெண்ணுக்கு அம்மா உண்டு, வீட்டு வாடகை உண்டு, அதனால்தான் 2005இல் தொடர் மறுபடி வந்தபோது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் சீசன் முடிவில் எல்லாவற்றையும் ஒரு நொடியில் பழையபடி ஆக்கிவிடுவார், அது எனக்குப் பிடிக்காது. மோஃபட் 'பிளிங்க்' எழுதியவர், டாக்டர் சில நிமிடங்களே வரும் எபிசோட், அதற்கு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதும் கிடைத்தது. அவரிடம் உள்ள குறை, யாரையும் சாகவிடாதது. ஒரு சீசனுக்கு டேவிஸ், ஒரு எபிசோடுக்கு மோஃபட், இதுதான் என் கணக்கு.

கேள்வி: இந்தத் தொடரில் நம் நாட்டவர் யாராவது உண்டா? – பள்ளி மாணவன், தென்காசி

முதல் கதையை இயக்கியவரே லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

கேள்வி: ஷூட்டி கட்வா இவ்வளவு சீக்கிரம் போய்விட்டாரே? அவர் மேலும் குறை சொல்கிறார்கள். – வாசகர், கொழும்பு

எனக்கு இது ஆறவே இல்லை. இரண்டு சீசன், சீசனுக்கு 8 எபிசோடு, இரண்டு கிறிஸ்துமஸ் எபிசோடு, அவ்வளவுதான். முதல் எட்டில் '73 யார்ட்ஸ்', 'டாட் அண்ட் பபிள்' இரண்டிலும் அவர் கொஞ்ச நேரமே வருகிறார், வேறு தொடரின் படப்பிடிப்பு முடியாததால் அப்படி எழுத வேண்டியிருந்தது. இரண்டுமே அருமையான கதைகள்தான், ஆனால் புது டாக்டரோடு நாம் பழக வேண்டிய நேரம் அது. டாலெக்குகளோடு மோதும் ஒரு கதைகூட அவருக்குக் கொடுக்கவில்லை.

'டாட் அண்ட் பபிள்' கடைசி மூன்று நிமிடத்தைப் பாருங்கள். அந்த ஊரில் இருக்கும் எல்லோரும் வெள்ளையர்கள் என்பதைக் கதை அதுவரை சொல்லவே சொல்லாது. உயிரைக் காப்பாற்ற வந்தவர் கறுப்பர் என்பதால் அவர்கள் டார்டிஸில் ஏற மறுக்கிறார்கள். நம்ப முடியாமல் சிரிக்கிறார், கத்துகிறார், அழுகிறார். எழுத்தும் நடிகரும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. 2025 மே 31 அன்று அவர் போய், அந்த இடத்தில் 2005இல் துணைப்பெண் ரோஸாக நடித்த பில்லி பைப்பரின் முகம் வந்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கட்வாவுக்கு இன்னும் ஒரு சீசன் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தம்தான் வந்தது.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? – ஒரு அம்மா, சேலம்

2005 சீசன், முதல் எபிசோட் 'ரோஸ்'. கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் இருந்தது அந்த ஒரு சீசன் மட்டும்தான், 13 எபிசோடு, முன்கதை எதுவும் தெரிய வேண்டாம், வரிசையாகப் போடுங்கள். பிடித்துப்போனால் அப்படியே டென்னன்ட் சீசன்களுக்குப் போகலாம். 'பிளிங்க்' வரும்போது மட்டும் பகலில் போடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.