குன்றின்மேல் ஒரு கண்

அன்புள்ள ஐயா,

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். முன்பு திமிங்கிலத்தைக் கொன்று பிழைத்த பீக்கோ தீவுக்காரர்கள் இன்று பயணிகளைப் படகில் ஏற்றிச்சென்று அதே திமிங்கிலங்களைக் காட்டுகிறார்கள். கண் கலங்கிவிட்டது. ஒரு ஊரே இப்படி மனந்திருந்துமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண் கலங்கியதில் தவறில்லை. ஆனால் மனந்திருந்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். திமிங்கில எண்ணெய்க்குச் சந்தை போயிற்று, வெளியிலிருந்து தடைகள் வந்தன, வேட்டை நின்றது. பீக்கோவின் சாவ் ரோக்கே ஊரில் திமிங்கிலத்தை எண்ணெயாக்கிய ஆலை 1984இல் மூடப்பட்டது. அதன் பிறகும், 1987இல், அதே தீவின் லாஜெஸ் ஊர்க்காரர்கள் கடலில் இறங்கித் திமிங்கிலம் கொன்றார்கள். மனந்திருந்தியவர்கள் செய்கிற காரியமா அது? அந்த ஆலை இன்று அருங்காட்சியகம். ‘வைட்டமின், எண்ணெய், மாவு, உரம்’ என்று முகப்பில் போர்த்துகீசிய மொழியில் எழுதியிருப்பது அப்படியே இருக்கிறது, மளிகைக்கடைப் பலகை போல.

இவர்கள் முழுநேர வேட்டைக்காரர்களும் அல்லர். கரும்பாறைச் சுவர்களுக்கு நடுவே திராட்சை வளர்த்த விவசாயிகள். கடலைப் பார்த்த குன்றின்மேல் சிறிய அறை, அதில் கிடைமட்டமாக ஒரு நீளப் பிளவுதான் ஜன்னல். விடிந்ததிலிருந்து ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் காவலை விஜியா என்பார்கள். திமிங்கிலத்தின் மூச்சு தெரிந்ததும் வாணம் வெடிக்கும். களை வெட்டிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடுவான். படகுக்கு ஏழு பேர், துடுப்பும் பாயும், கையால் எறியும் ஈட்டி. 1980கள் வரை இப்படித்தான்.

தொழில் வந்த வழி அமெரிக்கா. தண்ணீருக்கும் ஆளுக்கும் அந்நாட்டு வேட்டைக் கப்பல்கள் இங்கே ஒதுங்கின. வறுமைக்கும் கட்டாய ராணுவச் சேவைக்கும் தப்ப நினைத்த இளைஞர்கள் அவற்றில் ஏறிப்போனார்கள். திரும்பியவர்கள் ஈட்டி எறியும் வித்தையோடு ‘ப்ளோஸ்’ என்ற கூவலையும் கொண்டுவந்தார்கள்; ‘அதோ மூச்சு விடுகிறது’ என்று ஆங்கிலம் பேசும் மாலுமிகள் போட்ட சத்தம்தான், போர்த்துகீசிய வாயில் புகுந்தது. திரும்பாதவர்கள் அமெரிக்க வேட்டைத் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டில் தங்கி, அண்ணனைத் தம்பியை அழைத்துக்கொண்டார்கள். தொழில் விட்டுப்போன பெரிய தடம் அந்தக் குடிபெயர்வு என்றே நினைக்கிறேன். அது படகுச் சவாரியில் தெரியாது.

நீங்கள் பார்த்த காட்சிக்கு வருகிறேன். இவர்கள் வேட்டையாடியது ஸ்பெர்ம் திமிங்கிலம் என்ற வகை. அதன் மூச்சு நேராக எழாது. முன்னோக்கி, இடப்பக்கம் சாயும். மூழ்கினால் முக்கால் மணி நேரம் வராது. எங்கே எழும் என்பதைக் கரையிலிருந்தே கணிக்க வேண்டும். கொல்வதற்காகப் பழகிய கண்களுக்குத்தான் அது கைவந்திருந்தது. சுற்றுலாப் படகுகள் வந்தபோது அந்தக் காவலாளிகளைத்தான் தேடிப்போனார்கள். வாணத்துக்குப் பதில் வானொலிக் கருவி, அவ்வளவே.

மறுமுறை அந்தப் படத்தைப் பார்த்தால் படகை விட்டுவிட்டுக் கரைப்பக்கம் பாருங்கள். குன்றின்மேல் வெள்ளையடித்த அறை ஒன்று தென்படலாம். இன்றும் உள்ளே ஆள் இருக்கிறார்.