சுடுதளப் பயணத்துக்கு ஓய்வுக்காலப் பணத்தைத் தொடலாமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் மெர்பேங்கில் இருக்கிறோம். என் கணவருக்கு 46 வயது. தொழிற்சாலை வேலை, மாதச் சம்பளம் 24,000 ராண்ட். இரண்டு வருடமாக ரைஃபிள் கிளப்பில் இருக்கிறார். சொந்தமாக ஒரு .308 ரைஃபிள் வைத்திருக்கிறார், உரிமமும் இருக்கிறது. புளூம்ஃபொன்டெய்னில் இருக்கும் பெரிய சுடுதளத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவரும் 19 வயது மகனும் மூன்று நாள் சுடுவார்கள், நானும் மகளும் கூடப் போவோம். பெட்ரோல், டோல் 4,000, நான்கு இரவு தங்க 6,000, சாப்பாடு 3,500, தளக் கட்டணமும் தோட்டாவும் 5,000, குறி பார்க்கும் தொலைநோக்கி 6,500. மொத்தம் 25,000 ராண்ட். வங்கி 24 சதவீத வட்டியில் இரண்டு வருடக் கடன் தருவதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறது. அவரோ, பிராவிடன்ட் ஃபண்டில் சேவிங்ஸ் பாட் என்று இருக்கும் சேமிப்புப் பங்கிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார். எது நல்லது? இவ்வளவு செலவு செய்து இப்படி ஒரு பயணம் தேவையா என்றும் எனக்கு மனசு உறுத்துகிறது.

பதில்: சகோதரி, உறுத்தல் வேண்டாம், போய் வாருங்கள். நீங்கள் சொல்லும் ஜெனரல் டி வெட் சுடுதளம் இந்த நாட்டின் தேசிய பிஸ்லி போட்டிகள், அதாவது நெடுந்தூர ரைஃபிள் போட்டிகள், நடக்கும் இடம். 900 மீட்டர் தூரம் வரை சுடலாம். ஊர் கிளப்பில் பழகிய ஒருவர் அந்தத் திறந்தவெளியில் படுத்து, வரிசையாக நிற்கும் கொடிகள் எந்தப் பக்கம் அசைகின்றன என்று பார்த்துக் காற்றைக் கணித்துச் சுடுவது வேறு அனுபவம். அப்பாவும் பிள்ளையும் மூன்று நாள் அடுத்தடுத்து உட்கார்ந்து இதைச் செய்வது வீண் செலவு இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு வழியும் வேண்டாம்.

முதலில் சேவிங்ஸ் பாட். 2024 செப்டம்பர் 1 முதல், ஓய்வுக்கு முன்பே வருடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து பணம் எடுக்கலாம். அது நம் பணம்தானே, எடுத்தால் என்ன என்று பலரும் நினைக்கிறார்கள். எடுக்கும் தொகை அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். உங்கள் கணவரின் சம்பளத்துக்கு அந்த வரி 26 சதவீதம். அதாவது கைக்கு 25,000 வர வேண்டுமானால் ஏறக்குறைய 33,800 எடுக்க வேண்டும். ஃபண்டின் நிர்வாகக் கட்டணம் தனி. வரித்துறையான சார்ஸுக்குப் பழைய வரிப் பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவார்கள். அதே 33,800-ஐத் தொடாமல் விட்டு, வருடம் 8 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், அவருக்கு 60 வயதாகும்போது அது 99,000 ராண்ட் அளவில் நிற்கும். ஓய்வு பெறும்போது மொத்தமாக எடுக்கும் பணத்தில் முதல் 550,000 ராண்டுக்கு வரியே கிடையாது. இப்போது எடுத்தால் கால் பங்குக்கு மேல் வரி, பொறுத்திருந்தால் வரி இல்லை. பிள்ளையின் ஆபரேஷன் மாதிரி தள்ளிப்போட முடியாத காரியத்துக்கு என்றால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். ஒரு வருடம் தள்ளினாலும் கெட்டுப்போகாத பயணத்துக்கு அந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

அப்புறம் கடன். மெசேஜில் 24 சதவீதம் மட்டும்தான் கண்ணில் படும். ஆனால் 25,000 ராண்ட் கடனுக்குத் தொடக்கக் கட்டணமாக 1,050 ராண்ட் வரையும், மாதச் சேவைக் கட்டணமாக 60 ராண்ட் வரையும் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டுக்கும் மேல் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி (வாட்) உண்டு. எல்லாம் சேர்த்தால் மாதத் தவணை சுமார் 1,455 ராண்ட், இரண்டு வருடத்தில் கட்டுவது 34,900. கடனோடு காப்பீட்டையும் சேர்த்துவிட்டால் இன்னும் ஏறும்.

சரி, அந்த 1,455-ஐயே எடுத்துக்கொள்வோம். கட்டிவிட முடியும் என்று நினைத்துத்தானே கடனைப் பற்றி யோசித்தீர்கள்? அதை வங்கிக்குத் தவணையாகக் கட்டாமல் மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 17,460 ராண்ட் சேரும், வட்டி அதற்கு மேல். உங்கள் பயணத்தை 17,500-க்குள் அடக்கிவிடலாம், அதைக் கீழே காட்டுகிறேன். பணத்தை 32 நாள் முன்னறிவிப்புக் கணக்கில் போடுங்கள். நினைத்தவுடன் எடுக்க முடியாது என்பதே இதில் நமக்கு நல்லது. வருடத்துக்கு 23,800 ராண்ட் வரை வட்டி வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் அந்தக் கவலையும் வேண்டாம். வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் மட்டும் இதைப் போடாதீர்கள். அதில் போடக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு, எடுத்த பணத்துக்கான வரம்பு திரும்பக் கிடைக்காது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். சுடப் போகிறவர்களின் பட்ஜெட் பெட்ரோலிலும் அறையிலும் உடைவதில்லை, தோட்டாவில்தான் உடையும். உங்கள் கிளப்பில் ஒரு தோட்டா 28 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளுக்கு 60 சுட்டால், இரண்டு பேருக்கு மூன்று நாளில் 360 தோட்டா, 10,080 ராண்ட். நீங்கள் போட்ட 5,000-க்கு இது இரண்டு மடங்கு. தளத்தில் படுத்த பிறகு இன்னும் ஒரு பத்து என்று கை தானாகப் போகும், அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதனால் எண்ணிக்கையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். போட்டியில் எப்படிச் சுடுவார்களோ அப்படியே சுடட்டும்: ஒரு தூரத்துக்குக் குறியைச் சரிபார்க்க இரண்டு சோதனைத் தோட்டா, மதிப்பெண்ணுக்குப் பத்துக் கணக்குத் தோட்டா. நாளுக்கு இரண்டு தூரம் என்றால் ஆளுக்கு 24. மூன்று நாளுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 144 தோட்டா, 4,032 ராண்ட். மீதியில் தளக் கட்டணம் அடங்கும். இருப்பது ஒரே ரைஃபிள், ஒருவர் சுடும்போது மற்றவர் காற்றைப் பார்த்து மதிப்பெண் எழுதட்டும். பையன் இதில் கற்றுக்கொள்வது 60 தோட்டாவை வேகமாகத் தீர்ப்பதைவிட அதிகம்.

இந்த எண்ணிக்கையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. துப்பாக்கிச் சட்டத்தில் ‘அர்ப்பணிப்பு விளையாட்டு வீரர்’ (dedicated sports person) என்ற அந்தஸ்து இல்லாதவர், உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 144 அதற்குள் அடங்கிவிடுகிறது. மகனுக்கு 21 ஆகாததால் சொந்த உரிமத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அப்பா பக்கத்திலேயே இருந்து நேரடியாகக் கண்காணித்தால் அவருடைய ரைஃபிளில் சுடலாம். மகனுக்கும் ஒன்று வாங்கிவிடலாம் என்ற பேச்சு வந்தால், அதற்குப் பணம் ஒதுக்க இது நேரமில்லை.

தொலைநோக்கியை எடுத்துவிடுங்கள். மூன்று நாளைக்குக் கிளப்பில் யாரிடமாவது இரவல் கேட்கலாம், 6,500 மிச்சம். நால்வருக்கும் நல்ல காதுக் கவசம் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சுடாமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் மகளுக்கும் கூடத்தான்.

பயணச் செலவு 4,000 சரியாகத்தான் இருக்கிறது. என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் வரை, பிறகு என்5-இல் பெத்லகேம், செனகால் வழியாக விண்பர்க், அங்கிருந்து என்1. ஒரு வழிக்கு 640 கிலோமீட்டர் அளவு. கார் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடித்தால் போக வர 115 லிட்டர். உள்நாட்டைவிடக் கடற்கரையில் பெட்ரோல் விலை குறைவு, டர்பனிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு வான் ரீனன் கணவாய் ஏறுங்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும், ஏறப்போகிறது என்று தெரிந்தால் செவ்வாயே நிரப்பிவிடுங்கள். தங்குவதை மூன்று இரவாக்கினால் 4,500. சாப்பாட்டில் போகும் வழிக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டால் 2,500 போதும். ஆக 4,000, 4,500, 2,500, 5,000. அவசரத்துக்கு 1,500 சேர்த்தால் 17,500.

அந்த 1,500-ஐத் தோட்டாவுக்குத் தொடக்கூடாது என்று இப்போதே பேசிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, வீட்டுக் காப்பீட்டில் ரைஃபிள் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, வீட்டுக்கு வெளியே தொலைந்தாலும் ஈடு கிடைக்குமா என்று கேளுங்கள். பல வீடுகளில் இது விட்டுப்போகிறது. இரவில் ரைஃபிளைக் காரில் விட்டுவைக்க முடியாது. திருட்டுப் போனால் பண நஷ்டத்தோடு அலட்சிய வழக்கும் சேரும். தங்குமிடத்தில் துப்பாக்கி வைக்கச் சரியான பெட்டகம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே அறையை முடிவு செய்யுங்கள், அதற்காக இரவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தவறில்லை.

உரிம அட்டையில் முடியும் தேதியையும் பாருங்கள். அதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும், பயணம் அடுத்த வருடம் என்பதால் இதை இப்போதே பார்ப்பது நல்லது. கடைசியாக, சுடுதளத்தில் நினைத்த நாளில் போய் நிற்க முடியாது. உங்கள் கிளப் செயலாளர் மூலம் அந்த மூன்று நாளையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகுதான்.