சளி இளகினால் போதுமா?

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. முப்பது ஆண்டுகள் புகைபிடித்தவர், சென்ற ஆண்டு நிறுத்திவிட்டார். காலையில் அரைமணி நேரம் இருமினாலும் கோழை கம்பிபோல் இழுபடுகிறதே தவிர, வெளியே வருவதில்லை. நிறையத் தண்ணீர் குடித்தால் சளி இளகி வந்துவிடும் என்கிறார்கள். அது சரியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் தந்தை புகையை விட்டதே அவர் நுரையீரலுக்குக் கிடைத்த பெரிய சிகிச்சை. அதை அவரிடம் சொல்லுங்கள்.

சளி எவ்வளவு நீர்க்கிறதோ அவ்வளவு எளிதில் வெளியேறும் என்பது பாதி உண்மைதான். வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியோடு இழுபடும் கொழகொழப்பு, கொஞ்சம் ஓடவும் செய்கிறது, ரப்பர்போல் பின்வாங்கவும் செய்கிறது. மூச்சுக்குழாய்ச் சளிக்கும் பாகுநிலை, மீட்சித்தன்மை என்ற இவ்விரு குணங்களும் உண்டு. குழாயின் உட்சுவரில் உள்ள குற்றிழைச் செல் ஒவ்வொன்றிலும் குற்றிழைகள் எனப்படும் மயிர்போன்ற நுண்ணிழைகள் சுமார் 200 இருக்கின்றன. வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கும் இவற்றின் நுனிகள் சளிப்படலத்தைப் பற்றித் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. மீட்சித்தன்மை இருந்தால்தான் படலம் ஒரே விரிப்பாக நகரும். வெறும் தண்ணீராக இருந்தால் குற்றிழைகள் அதில் வீணே துழாவிக்கொண்டிருக்கும். ஆகவே சளிக்கும் பாகுக்குப்போல ஒரு பதம் வேண்டும்.

நலமான சளியில் ஏறத்தாழ 97 விழுக்காடு தண்ணீர்தான். மியூசின் என்னும் நீண்ட புரத இழைகள், உப்பு முதலியவை எஞ்சிய பங்கு. நெடுநாள் புகைப்பழக்கத்தால் மியூசின் மிகுந்து, நீர் குறைகிறது. அடர்ந்துவிட்ட மியூசின் வலை, குற்றிழைகள் நின்று துடிக்கும் அடிப்படலத்திலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு அவற்றை அழுத்திச் சாய்த்துவிடும் என்பதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. அதன்பின் இருமல் ஒன்றே துணை.

ஆனால் இருமலின் கணக்கு வேறு. அங்கே காற்றின் வேகம்தான் சளியைப் பெயர்க்கிறது. சுவரோடு அது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம். கம்பிபோல் இழுபடும் கோழை, காற்று உதைத்ததும் சற்று நகர்ந்து மறுபடியும் பழைய இடத்துக்கே மீள்கிறது. உங்கள் தந்தை படும் பாடு இதுதான் என்று தோன்றுகிறது.

குடிக்கும் தண்ணீர் நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதில்லை. அங்குள்ள செல்கள் உப்பை நகர்த்தும் விதமே படலத்தின் ஈரத்தைத் தீர்மானிக்கிறது. உடல் வறளாத அளவுக்குக் குடித்தால் போதும். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்களுக்கு மிகையான தண்ணீர் தீங்கும் செய்யும். செறிந்த உப்புநீரை நெபுலைசரில் கொடுத்துப் படலத்துக்குள் நீரை வரவழைக்கும் சிகிச்சை உண்டு. அது சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையின்றிச் செய்யக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அளவாக மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல் 'ஹா' என்று அழுத்தி ஊதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை ஊதிய பின் சற்று ஓய்வு வேண்டும். கடும் இருமலில் சிறுகுழாய்கள் மூடிக்கொள்வதுண்டு. இம்முறையில் அது குறைவு.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனையும், அவருடைய புகைப்பழக்கத்தைக் கருதி நுரையீரல் செயல்திறன் சோதனையும் எக்ஸ்ரேயும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கோழையில் ரத்தம் தென்பட்டாலோ, உடல் மெலிந்தாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள்.