4 வருடக் காருக்கு 6,800 ரூபாயிலும் இன்சூரன்ஸ் காட்டுகிறது, 14,500 ரூபாயிலும் காட்டுகிறது. எதை எடுப்பது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். 1200 சிசி பெட்ரோல் கார், 4 வருடம் முடிந்துவிட்டது, வாங்கும்போது ஷோரூம் விலை 7 லட்சம், வீடு மடிப்பாக்கம், இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. எல்லாக் கம்பெனியும் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்றுதான் சொல்கிறது, அப்புறம் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்ப்பது என் வேலை. பாலிசி விற்பதில்லை, அதனால் எந்தக் கம்பெனி பெயரையும் சிபாரிசு செய்யப் போவதில்லை. தான் வாங்கிய பாலிசியில் என்ன இருக்கிறது என்பதே பலருக்கு அடிபட்ட வண்டியோடு எங்களிடம் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கம்பெனியிலும் மாறாத பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு, அதன் பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு, கம்பெனிகள் இல்லை. 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த விகிதப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கும் மேல் 7,897. உங்கள் வண்டிக்கு 3,416, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4,031 ரூபாய். இதை எங்கே போய்ப் பேரம் பேசினாலும் குறைக்க முடியாது. அப்படியானால் 6,800 ரூபாய் பாலிசியில் உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்காக (ஓன் டேமேஜ்) நீங்கள் கொடுப்பது சுமார் 2,770 ரூபாய்தான், 14,500 ரூபாய் பாலிசியில் கிட்டத்தட்ட 10,470. இந்த இரண்டு எண்களைத்தான் நீங்கள் ஒப்பிட வேண்டும்.

அந்த 2,770 எப்படி வந்தது என்று பார்க்க ஐடிவி என்ற கட்டத்தைப் பாருங்கள். வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கிப் போனாலோ அதிகபட்சமாக உங்கள் கைக்கு வரும் தொகை அதுதான். வழக்கமான தேய்மானக் கணக்கில் 4 வருடம் தாண்டி 5 முடியாத வண்டிக்குப் பாதி விலை, உங்களுக்கு 3.5 லட்சம். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றால் சுலபமான வழி இந்த ஐடிவியை இறக்குவது, அதனால் விலை குறைந்த பாலிசியில் 2.4 லட்சம் மாதிரி ஏதாவது போட்டிருக்கும். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். ஐடிவி 3.5 லட்சம் என்றால் அந்தக் கோடு 2,62,500-இல் இருக்கும், 2.4 லட்சம் என்றால் 1,80,000-இலேயே வந்துவிடும். சரிசெய்து இன்னும் பல வருடம் ஓட்டக்கூடிய வண்டியைக் குறைந்த காசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அதனால் எல்லாக் கம்பெனியிலும் ஒரே ஐடிவியைப் போட்டுவிட்டு அப்புறம் விலையைப் பாருங்கள், வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கேயே காணாமல் போய்விடும்.

அடுத்தது பம்பர் டு பம்பர், அதாவது ஜீரோ டெப்: மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பீடு. ஒரு சாதாரண முன்பக்க இடியை எடுத்துக்கொள்வோம். பம்பர் 6,000, ஹெட்லைட் 9,000, இரும்பு மட்கார்டு 4,000, முன் கண்ணாடி 8,000, பாகங்கள் மட்டும் 27,000 என்று எஸ்டிமேட் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் என்று பார்த்தால் தேய்மானத்தை இப்படிக் கழிப்பார்: பிளாஸ்டிக்குக்குப் பாதி, எனவே பம்பரில் 3,000, ஹெட்லைட்டில் 4,500. இரும்புக்கு உங்கள் வண்டியின் வயதில் 35 சதவீதம், 1,400. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இதோடு 1500 சிசி வரையுள்ள வண்டிக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயமாக நாம் போட வேண்டிய 1,000. மொத்தம் 9,900 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும், பெயிண்டில் பிடிப்பது, ஆயில், நட்டு போல்ட்டெல்லாம் தனி. ஜீரோ டெப் இருந்தால் அந்த 8,900 கழிவு இல்லை. இப்போதைய வண்டிகளில் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக்தான், நகர டிராஃபிக்கில் அடிபடுவதும் அங்கேதான். பல கம்பெனிகள் 5 வருடம் வரைதான் இதைத் தாராளமாகத் தருகின்றன, சில அதற்கு மேலும் தருகின்றன. ஒரு வருடம் விட்டுவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம், முந்தைய பாலிசியில் இருந்ததா என்று கேட்பார்கள். வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் வரை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டோடு நிறுத்துகிற கம்பெனிகள் இருக்கின்றன.

மடிப்பாக்கம் என்று படித்ததும் எனக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்தான் ஞாபகம் வந்தது. டோ வண்டிகள் வரிசையாக வந்து இறக்கிவிட்டுப் போன கார்களில் நாங்கள் முதலில் கழற்றிப் பார்த்தது ஏர் ஃபில்டரை. அது காய்ந்திருந்தால் பெருமூச்சு, நனைந்து சேறு படிந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரை அமுக்க முடியாது, அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சின்ன வண்டிக்கே செலவு லட்சத்தை ஒட்டி வரும். வெள்ளத்தில் நனைந்த சீட்டு, கார்பெட், வயரிங் எல்லாம் சாதாரண ஃபுல் இன்சூரன்ஸிலேயே வரும். ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் போன பிறகு ஸ்டார்ட் செய்ததால் அது கெட்டால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். அதற்குத்தான் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு. தென்சென்னையில் தாழ்வான இடத்தில் வண்டி நிறுத்துகிறவர் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். அது இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஃபோட்டோ எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு டோ வண்டிக்குக் காத்திருங்கள்.

செலவு மிச்சம் என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி அது போதும். ஆனால் அதில் உங்கள் காருக்குள் உட்கார்ந்திருக்கும் மனைவி, குழந்தை, நண்பர் யாருக்கும் காப்பீடு இல்லை. தனியார் கார்களில் பயணிப்பவர்களுக்கான பொறுப்பு ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசியில்தான் வருகிறது. வண்டி பழசு, திருடு போனாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்கள்கூட இதை யோசிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு 5 வருடத்துக்கு பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று உத்தரவிட்டதும் காரில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற கவலையில்தான். அடுத்த மாதமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், ஆனால் அது இன்னும் சட்டமாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே உண்மையாகவே மிச்சம் பிடிக்கலாம்? 4 வருடம் கிளெய்ம் இல்லை என்றால் உங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 45 சதவீத என்சிபி, அதாவது கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி உண்டு, கொட்டேஷனில் அது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம், வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கினாலும் கடிதம் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000 என்று கொண்டால், அடுத்த வருடம் 50 சதவீதம் கிடைக்க வேண்டியது பூஜ்யமாகி, அப்புறம் 20, 25, 35, 45 என்று ஏறி வருவதற்குள் 7,500 ரூபாய் இழப்பீர்கள். அதனால் சில ஆயிரம் ரூபாய் டிங்கரிங் வேலையைக் கைக்காசிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம், உங்களிடம் ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தாலோ, வேறொரு வண்டியின் பாலிசியில் அதைக் கட்டியிருந்தாலோ, இங்கே மறுபடி கட்டத் தேவையில்லை. சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று சேர்த்திருப்பதையெல்லாம் எடுத்துவிடலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஐடிவி 3.5 லட்சத்தை ஒட்டி, ஜீரோ டெப், எஞ்சின் புரொடெக்ட், கூடவே ஆயில், நட்டு போல்ட்டுக்கான சின்ன ஆட்-ஆன், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு நாலைந்து கம்பெனிகளில் விலை கேட்பேன். பக்கத்தில் நீங்கள் நம்பும் ஒர்க்‌ஷாப் எந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் (கம்பெனியே ஒர்க்‌ஷாப்புக்கு நேராகப் பணம் கட்டும் பட்டியல்) இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், 300 ரூபாய் வித்தியாசத்தைவிட அது முக்கியம். பாலிசி முடியும் தேதியை நீங்கள் எழுதவில்லை. ஒரு நாள் தாண்டினாலும் வண்டியைப் பரிசோதித்த பிறகுதான் போடுவார்கள், 90 நாள் தாண்டினால் அந்த 45 சதவீதமும் போய்விடும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.