அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் சால்னா?

கேள்வி: சமீபத்தில் உணவகங்களில் சாப்பிட்டதில் உங்கள் மனதில் நின்றது எது? உள்ளூர்க் கடை, பயணம் போன இடத்துக் கடை இரண்டையும் சொல்லுங்களேன்.

மூன்று சாப்பாட்டைச் சொல்கிறேன். மூன்றும் ஒரே வருடத்துக்குள் சாப்பிட்டவை: விருதுநகர், பெங்களூரு, மலேசியாவில் உள்ள பினாங்கு.

அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் அவருக்கு மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டார்கள். பல்செட் கட்டினோம். ஈறு புண்ணாகிறது என்று நாலே நாளில் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு எந்தப் பண்டமும் ஊறி இறங்க வேண்டும். வெளியே சாப்பிடுவதில் அவ்வளவு ஆசை உள்ள மனிதர். அவரைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போனதில் நான் கடையைப் பார்க்கும் விதமே மாறிப்போனது. இட்லி எப்படி, பரோட்டா எப்படி என்று இப்போது பார்ப்பதில்லை. தொட்டுக்க என்ன தருகிறார்கள், எப்படி ஊற்றுகிறார்கள், கேட்டால் மறுபடி ஊற்றுகிறார்களா என்றுதான் பார்க்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் சாத்தூர். விருதுநகருக்கு அரை மணி நேரம்தான். விருதுநகரில் எதுவும் விளையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை அங்கேதான் வைப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எண்ணெய், பருப்பு, மிளகாய் வத்தல் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கைமாறும் ஊர். பரோட்டாவை எண்ணெயில் பொரித்தெடுக்கும் பழக்கம் அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எண்ணெய் தேங்கி நிற்கும் கல்லில் வெந்து, பொன்னிறமாக, மேலே மொறுமொறுவென்று வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பர்மா கடை மாதிரி பேர்போன கடைகளில் நிற்க இடமிருக்காது.

பல் இல்லாதவருக்கு மொறுமொறு பரோட்டாவா என்று அம்மாவுக்குக் கோபம். அப்பா கேட்கவில்லை. நாங்கள் போனது பஜார் பக்கம் ஒரு சின்னக் கடை. இலை போட்ட பையன் அப்பாவின் வாயை ஒரு தடவை பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. மூன்று பரோட்டாவை இலையில் வைத்து, மேலே இன்னொரு இலைத் துண்டை மூடி, இரண்டு கையாலும் அழுத்தி நொறுக்கினான். பிறகு சால்னா வாளியோடு வந்து, "அண்ணாச்சி, கோழியா ஆடா?" என்றான். அப்பா ஆடு என்றார். ஊற்றினான். "ரெண்டு நிமிஷம் பொறுங்க, இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. சால்னா தண்ணியாக இருந்தால் கடைக்காரர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. குருமா கெட்டி. அது பரோட்டாவின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். சால்னா நீர்க்க இருந்தால்தான் அடுக்குக்கு அடுக்கு உள்ளே இறங்கும். சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்துவிட்டு, எலும்பு வேகவைத்த சாறில் கொதிக்க விட்டு, மேலே எண்ணெய் பிரிந்து சிவப்பாக மிதக்க வேண்டும். நீர்க்க இருந்தும் எலும்புச் சாறின் கனம் நாக்கில் நிற்கிறதே, கைப்பக்குவம் என்பது அதுதான். அப்பாவுக்குப் பரோட்டா ஓரத்தில் கொஞ்சம் மொறுமொறுப்பு மிச்சமிருந்தது, நடுவில் பஞ்சு. "கறக் கறக்னு சத்தம் கேக்குதுடா" என்றார். பல் போன பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சத்தத்தை அன்றுதான் நானும் கேட்டேன். பையன் நான்கு தடவை வந்து ஊற்றினான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. பெங்களூரு போகும் வழியில் நான்குவழிச் சாலையோரம், ஏசி போட்ட ஒரு பெரிய ஓட்டல். அப்பா இன்னொரு கிண்ணம் சட்னி கேட்டார். பில்லில் அதைத் தனியாகப் போட்டிருந்தார்கள். பணம் பெரிதல்ல. அப்பா அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை. இட்லி விற்கிறவர் சட்னியை அளக்கக் கூடாது.

பெங்களூரில் தங்கை வீடு பசவனகுடியில். மறுநாள் காலை சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்குக் கூட்டிப் போனாள். 1965-இல் தொடங்கிய கடை. இட்லி, வடை, காரா பாத் (நம் ரவா உப்புமா மாதிரி), கேசரி பாத் (நம் கேசரி), காபி, அவ்வளவுதான். நின்றபடிதான் சாப்பிட வேண்டும். சாம்பார் கிடையவே கிடையாது. தேங்காய்ச் சட்னி மட்டும். அதையும் நம் ஊர் மாதிரி ஓரத்தில் ஒரு கரண்டி வைப்பதில்லை, இட்லியின் மேல் தாராளமாக ஊற்றுகிறார்கள், போய் நின்றால் மறுபடியும் ஊற்றுகிறார்கள். அப்பாவைக் காரில் உட்காரவைத்துத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இட்லியைச் சட்னியிலேயே கரைத்துக் குடிக்காத குறையாகச் சாப்பிட்டார்.

கன்னடத்து ஓட்டல் என்றால் நம்மவர்கள் "சாம்பார்ல வெல்லம் போடுறான்" என்று முகம் சுளிப்பதை நிறைய கேட்டிருக்கிறேன். அது எனக்குப் பிடிக்காத பேச்சு. அவர்கள் ஊருக்குப் போய் நம் சாம்பாரைத் தேடுவது என்ன நியாயம்? காந்தி பஜாரில் 1943-லிருந்து இருக்கும் வித்யார்த்தி பவனில் தடித்த, முறுகலான மசால் தோசைக்கு மோர் மாதிரி ஓடும் சட்னி. அந்தத் தோசைக்கு அந்தச் சட்னிதான் சரி. கெட்டிச் சட்னியை வைத்தால் அவ்வளவு முறுகல் தொண்டையில் குத்தும்.

மூன்றாம் நாள் லால்பாக் சாலையில் எம்.டி.ஆர். என்கிற மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஓட்டல். 1924-இல் தொடங்கியது. ரவா இட்லி பிறந்த கதையை அவர்களே சொல்கிறார்கள்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, ரவையில் இட்லி வார்த்துப் பார்த்தார்களாம். உருளைக்கிழங்கு சாகு (குருமா மாதிரி ஒன்று), கொத்தமல்லிச் சட்னி, கூடவே சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய். அந்த நெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்ததைச் சொல்லி மாளாது. ரவா இட்லி நெய்யைக் குடிக்கும். அரிசி இட்லி அப்படிக் குடிக்காது.

பினாங்கு போனது வேலை விஷயமாக, நான்கு நாள். அப்பா வரவில்லை. அவர் வந்திருக்க வேண்டிய ஊர் என்று ஒவ்வொரு வேளையும் நினைத்தேன்.

ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் என்று ஒரு சாப்பாடு. நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்றால் தோளில் போடும் கம்பு, நம் காவுதடியேதான். நம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தெருத் தெருவாக விற்றதில் வந்த பெயர். இன்று அவை கடைகளாகிவிட்டன. நான் போனது காம்ப்பெல் தெருவில் உள்ள ஹமீதியா. 1907-லிருந்து நடக்கும் கடை. வரிசையில் நின்று, கோழி, கணவாய், மீன் முட்டை, வெண்டைக்காய் என்று விரலை நீட்டிக் காட்டினால் சோற்றின் மேல் வைத்துக்கொண்டே வருகிறார்கள். விஷயம் அதற்கு அப்புறம்தான். குழம்புச் சட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி, ஆட்டுக் குழம்பில் ஒரு கரண்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார்கள். நம் வீட்டில் இப்படிச் செய்தால் அம்மா கரண்டியைப் பிடுங்கிவிடுவார். அங்கே அந்தக் கலப்புதான் ருசி. மீனின் புளிப்பும் ஆட்டின் காரமும் கோழியின் லேசான இனிப்பும் ஒரே கவளத்தில் வருகின்றன.

பரிமாறியவர் நான் பேசியதைக் கேட்டுத் தமிழிலேயே, "பாஞ்சிர் போடவா?" என்றார். முழித்தேன். பாஞ்சிர் என்றால் வெள்ளமாம். சோறு முங்க ஊற்றச் சொல்வதற்கு அதுதான் சொல். போடுங்க என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஊத்துனவருக்கு எந்த ஊருன்னு கேளு" என்றார். எழுந்து போய்க் கேட்டேன். தாத்தா காலத்தில் கடையநல்லூரிலிருந்து வந்தவர்களாம். "அதான பார்த்தேன்" என்றார் அப்பா.

ஊருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைப் பிரிப்பதற்குள் விருதுநகர் போக வேண்டும் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அதே கடை, அதே பையன். பரோட்டாவை நொறுக்கிவிட்டு, "அண்ணாச்சி, கோழியா ஆடா?" என்றான்.

"ரெண்டும்" என்றார் அப்பா. "ஒண்ணு மேல ஒண்ணா ஊத்து தம்பி. பாஞ்சிர்."

பையனுக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டு வாளியையும் எடுத்து வந்தான்.